இருபது நிமிடம் அசையாத கால்

பான்லாய் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பாதைப் பராமரிப்பு" என்பார். பக்கத்தில் மனைவி சோலுவான் இருந்தால் "புல் பிடுங்கற வேலை" என்று திருத்துவாள். இரண்டும் உண்மைதான். நாந்தோவ் மலையடிவாரத்துக் கிளைப் பாதையில், ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே தலைகாட்டிய ஒவ்வொரு புல்லையும் தன் சொந்த எதிரியாகப் பாவித்த மனிதர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பகையை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நான்கெங் கிராமத்தில் அவர் தோட்டத்தைப் போலச் சுத்தமான தோட்டம் கிடையாது என்று ஊரே ஒப்புக்கொண்டது. அதில் நாலு பாக்கு மரமும் ஒரு லிச்சி மரமும் இருந்தன. மற்றபடி வெறும் மண்.

ஜனவரியில் சோலுவானுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. வாய் மட்டும் ஒரு வாரத்தில் முழுசாகத் திரும்பிவிட்டது. அதில் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று பான்லாய்க்குத் தெரியவில்லை. தைச்சுங் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். முதல் ஆறு மாதம்தான் முக்கியம். தினமும் நடக்க வேண்டும், வீட்டுக்குள்ளே இல்லை, வெளியே, மண்ணில், முடிந்தால் வெறுங்காலில். கால் மரத்துப் போயிருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று அதற்கு மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் வராதது அப்புறம் வருவது கஷ்டம்.

வீட்டுக்குள் நடக்க இடமும் இல்லை. அறைக்கு அறை படி, நடுவே சாமி மேஜை, அதன் மேல் மூன்று தலைமுறைப் படங்கள். ஆகவே பான்லாய் தோட்டத்தைத் தயார் செய்தார். ஏற்கெனவே சுத்தமான மண்ணை இன்னொரு முறை அரித்தார். கல் பொறுக்கினார். மேடு பள்ளத்தைச் சமன் செய்து, உருளையால் அழுத்தினார். பாக்கு மரத்துக்கு மரம் மூங்கில் கட்டிப் பிடிமானம் வைத்தார். தூசி பறந்து அவள் இருமக் கூடாது, மண் பொருக்குவிட்டு அவள் கால் இடறக் கூடாது என்று தினமும் விடிந்ததும் குழாய் போட்டு நனைத்தார். மார்ச்சில் அவள் வீடு வந்தபோது, அந்தத் தரையில் முதல் நாளே ஆறு அடி நடந்தாள். ஏப்ரல் கடைசியில் நாற்பது அடி ஆனது. தரையும் மெல்ல மெல்ல கரும்பச்சை படிந்து, தடவிப் பார்த்தால் பட்டுத்துணி போல வழவழப்பாகியிருந்தது. பான்லாய் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

மே மாதம் சின்னக் கறுப்பன் வந்தான்.

அந்தக் கடிப்பூச்சியைப் பற்றி நான்கெங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எள்ளில் பாதிகூட இருக்க மாட்டான். கொசுவைப் போலக் காதருகே பாடி எச்சரிக்கும் நாகரிகம் அவனுக்குக் கிடையாது. ராத்திரி வர மாட்டான், வீட்டுக்குள் வர மாட்டான். காலை ஒன்பதுக்குத் தொடங்கி சாயங்காலம் வெயில் தணியும்வரை, தோட்டத்தில், முழங்காலுக்குக் கீழே. கண்ணில் படும்போது வயிறு சிவந்திருக்கும், கை ஓங்கும்போது ஆள் இருக்க மாட்டான். அப்புறம் ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கை கால் நன்றாக இருப்பவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். சோலுவானுக்கு வலது கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. இடது கை சும்மா தொங்கியது. எதைக் கொண்டு விரட்டுவாள்? வலது காலில் கடித்தால் துடித்தாள், ஆனால் கோலை விட்டால் விழுந்துவிடுவாள். இடது காலில் கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்குள் வந்து பார்த்தால் அந்தக் கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று பழுத்துச் சீழ் வைத்து, டாக்டர் பான்லாயைத்தான் திட்டினார். அன்றைக்குச் சோலுவான் ஊன்றுகோலைக் கதவோரம் சாத்தி வைத்தாள்.

"நான் இனிமே வெளிய வரல."

"ஹியோங் மருந்துக்கடையில ஒரு தைலம் இருக்காம். அதைத் தடவி..."

"அதைத் தடவித்தான் நேத்து முப்பது கடி. கறுப்பனுக்குத் தொட்டுக்க ஊறுகா வேணும்னா தடவு."

பான்லாய் செய்து பார்க்காதது இல்லை. மாசிபத்திரி இலையைக் கொளுத்திப் புகை போட்டார். கொசுவர்த்தியை நாலு மரத்தடியிலும் வைத்தார். புகை அடிக்கும் இயந்திரம் வாடகைக்கு எடுத்து, கொசுவுக்கு அடிப்பதுபோலப் பொழுது சாய்கிற நேரத்தில் அடித்தார். கறுப்பன்கள் அந்நேரம் வேலை முடித்துப் போயிருந்தார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குத் தெம்பாக வந்தார்கள். நாட்கள் போயின. சோலுவான் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து, பார்க்கப் பிடிக்காத தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் முதல் வாரம் வந்துவிட்டது. ஆறு மாதம் ஜூலையில் முடிகிறது. பான்லாய் ஒரு நாளைக்கு நாலு தடவை காலண்டரைப் பார்த்தார்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இதெல்லாம் அக்கியோ வீட்டிலிருந்து வருகிறது.

அக்கியோ பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பத்தாறு வயது, தனி ஆள், ஊர்ப் பொதுச் சமையற்கூடத்தில் நாற்பது பேருக்கு மதியச் சமையல் செய்பவள். அவளுக்கும் பான்லாய்க்கும் ஒன்பது வருடமாக ஒரே ஒரு தகராறுதான். அவள் தோட்டத்தில் புல் பிடுங்குவதே இல்லை. கணுக்கால் உயரத்துக்குக் களை, அதன் நடுவே சேம்பு, கீரை, எங்கிருந்தோ வந்து முளைத்த பப்பாளி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரிசைக் கல்தான் எல்லை. அந்தக் கல்லைத் தாண்டி வரும் ஒவ்வொரு கொடியையும் பான்லாய் தினமும் காலையில் கத்தரித்து, திருப்பி அவள் பக்கமே போடுவார். அவள் அதைப் பார்த்து "அண்ணே, முடி வெட்டினதுக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஊர்த் தலைவரிடம் போய்ச் சொன்னார். ஊர்த் தலைவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, தேர்தல் வரப்போவதைப் பற்றிப் பேசினார். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கியோ சமையற்கூடத்துக்குப் போன பிறகு, பான்லாய் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கல் வரிசையைத் தாண்டினார். எல்லையோரம் மூன்று மீட்டர் அகலத்துக்கு வெட்டித் தள்ளினார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சோலுவான் கத்தியது இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அக்கியோ மதியம் வந்தாள். சமையல் கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, புல்லு வெட்டினது நீங்கதானே?"

பான்லாய்க்குப் பொய் சொல்ல வராது. "ஆமா. நான்தான். இப்ப என்ன?"

"வெட்டினதுதான் வெட்டினீங்க, முழுசா வெட்டியிருக்கலாமில்ல? பாதித் தலைக்கு மொட்டை போட்டு அனுப்பின மாதிரி இருக்கு."

உள்ளே சோலுவான் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வாரமாகியிருந்ததால் பான்லாய்க்கு இன்னும் கோபம் வந்தது.

"உனக்கு விளையாட்டா இருக்கு. உன் காட்டுலேருந்துதான் கறுப்பன் வரான். இவ வெளிய கால் வெச்சு ஒரு மாசம் ஆச்சு. ஜூலையோட ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள நடக்கலன்னா இந்தக் கால் வராதுன்னு சொல்லியிருக்காங்க. தெரியுமா உனக்கு?"

அக்கியோவின் முகம் மாறிவிட்டது. சன்னலருகே போய் நின்றாள். "ஒரு மாசமா? ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? கறுப்பனுக்கும் சேர்த்துச் சோறாக்கிப் போடுவியா?"

"அவனுக்குச் சோறு நான்தான்" என்றாள் அக்கியோ. "எங்க குழுவுல நாலு வருஷமா அதுதான் என் வேலை."

அது பான்லாய்க்கும் தெரிந்த விஷயம்தான். ஊரில் கறுப்பன் எண்ணும் குழு என்று ஏழு பெண்கள் இருந்தார்கள். ஆரஞ்சு நிறக் கையில்லாக் கோட்டு மாட்டிக்கொண்டு, தெருத் தெருவாகப் போய் உட்கார்ந்து எண்ணி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவார்கள். வேலை இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று அவர் நினைத்திருந்தார்.

"நாளைக்குச் சமையல் முடிச்சு ரெண்டு மணிக்கு வரேன்" என்றாள் அக்கியோ. "உங்க தோட்டத்துல இருபது நிமிஷம், என் தோட்டத்துல இருபது நிமிஷம். என்னோடதுல அதிகம் இருந்தா மிச்சப் புல்லை நானே வேரோட பிடுங்கிடறேன்."

"எங்களோடதுல அதிகம் இருந்தா?" என்று சன்னலிலிருந்து கேட்டாள் சோலுவான்.

"அப்ப அண்ணன் என்ன பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும், அண்ணி."

மறுநாள் சரியாக இரண்டு மணிக்கு அக்கியோ வந்தாள். ஒரு குட்டி முக்காலி, ஒரு கடிகாரம், ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் ஒரு முனையில் ரப்பர் குழல், நடுவில் வலை. ரப்பர் முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி கண்ணாடிக்குள் போய்விடும், வலை இருப்பதால் வாய்க்குள் வராது. பாக்கு மரத்தடியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். பான்லாய் அந்தக் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வருடக் கடி முழுவதும் அதில் இருந்தது. கருந்தழும்பு படாமல் விரல் வைக்க இடமில்லை.

"அசையக் கூடாது, விரட்டக் கூடாது, சொறியக் கூடாது" என்றாள் அவள். "அவன் வந்து உக்காருவான், நான் உறிஞ்சிப்பேன், எண்ணுவேன். அவ்வளவுதான்." கடிகாரத்தைத் திருகி வைத்தாள்.

முதல் ஒன்று அரை நிமிடத்தில் வந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் மிளகுப்பொடி தூவியதுபோல வந்து உட்கார்ந்தன. அக்கியோ குனிந்து ஒவ்வொன்றாக உறிஞ்சினாள். ஒன்றை எடுக்கும்போது ஐந்து கடித்தன. அவள் கெண்டைக்கால் ஒரு முறைகூட நடுங்கவில்லை. பான்லாய்க்குப் பொறுக்கவில்லை, தன்னை அறியாமல் கையை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க, அண்ணே! கணக்கு கெட்டுப்போயிடும்."

"கால் வீங்குதே, தாயி!"

"வீங்கட்டும். அது ஒரு வாரத்துல போயிடும்."

முப்பத்தொரு வருட வேலையில் பான்லாய் எத்தனையோ உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறார். நிலநடுக்கத்தில் கோணிப்போன தண்டவாளத்தை மூன்று நாள் தூங்காமல் நிமிர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் கையில் கடப்பாரையாவது இருந்தது. நட்ட நடு மத்தியானத்தில், தன் மேல் கோபமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்காக, காலை நீட்டிக் கடி வாங்கிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

மணி அடித்தது. அறுபத்தேழு.

அவள் தோட்டத்தில், வெட்டாத புல்லின் நடுவே, அதே இருபது நிமிடம். நாலு.

பான்லாய் சும்மா விடுவாரா? "ஏற்கெனவே அறுபத்தேழு கடிச்ச கால். அதுல என்ன ருசி இருக்கும்? அதான் வரல."

"கேக்க வேண்டிய கேள்விதான்" என்றாள் அக்கியோ. கேலி இல்லாமல்தான் சொன்னாள். "பெத்தது யாருன்னு மண்ணையே கேட்டுடலாம்."

சாயங்காலம் அவள் ஆறு பிளாஸ்டிக் கோப்பைகளோடு வந்தாள். தேநீர்க் கடையில் ஜவ்வரிசி போட்ட பால் தேநீர் தருவார்களே, அந்தக் கோப்பைகள். மூன்றைத் தன் தோட்டத்திலும் மூன்றைப் பான்லாய் தோட்டத்திலும் கவிழ்த்து, விளிம்பை மண்ணில் அழுத்தினாள். மண்ணுக்குள் குஞ்சு இருந்தால் இறக்கை முளைத்து மேலே வரும், வந்தால் கோப்பையைவிட்டு எங்கும் போக முடியாது. இடங்களை அவரையே காட்டச் சொன்னாள். அவர் தன் பக்கத்தில் மிகச் சுத்தமான மூன்று இடங்களைக் காட்டினார், சோலுவான் நடக்கும் பாதையிலேயே.

ஐந்தாம் நாள் பார்த்தார்கள். அக்கியோவின் புல்லுக்குள் இருந்த கோப்பைகளில் ஓர் எறும்பு, ஒரு குட்டிச் சிலந்தி, நிறைய வியர்வைத் துளி. பான்லாய் தன் முதல் கோப்பையைக் குனிந்து பார்த்தார். உள்ளே தூசி ஒட்டியிருப்பதாக நினைத்தார். தூசி நகர்ந்தது. இரண்டாவதிலும் நகர்ந்தது. மூன்றாவதில் அடிப்பாகமே கறுத்திருந்தது.

அக்கியோ கத்தி முனையால் அந்த இடத்துப் பச்சைத் தோலை மெல்லச் சுரண்டி, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். நூல் துணுக்குகளைப் போலப் புழுக்கள் நெளிந்தன.

"இதுதான் அவன் குஞ்சு. இந்தப் பச்சைப் பாசிதான் அதுக்குச் சோறு. புல்லுக்குள்ள வெளிச்சம் படாது, பாசி பிடிக்காது, எறும்பும் சிலந்தியும் வேற இருக்கும். அங்க அதால வாழ முடியாது. வெறும் மண்ணு வேணும், நிழல் வேணும், தினமும் ஈரம் வேணும்."

பான்லாய் கிண்ணத்தைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெறும் மண், நிழல், தினமும் ஈரம். யார் இவ்வளவு அக்கறையாகச் செய்தது? ஒரு புல் இல்லாமல் அரித்தது யார், விடிந்தும் விடியாமலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அவளைத் தின்னத்தான் போயிருக்கிறது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் துக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன கிழவா, என்ன இருக்கு கிண்ணத்துல?" என்று சோலுவான் சன்னலிலிருந்து குரல் கொடுத்தாள்.

அக்கியோ முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல அண்ணி, மழை ஜாஸ்தி இந்த வருஷம். மண்ணு ரொம்ப ஊறிப்போச்சு."

பான்லாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெட்டின புல்லுக்குப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்குக் கிடைக்காது. அவள் அதை மழையின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாள். இவள் எப்படிப்பட்ட பெண் என்று அவருக்கு அப்போது முழுசாக விளங்கியது.

"மழை இல்ல" என்றார் உரக்க. "நான்தான். நான்தான் தண்ணி ஊத்தி வளர்த்திருக்கேன், சோலுவான். நீ நடக்கற பாதையிலேயே வளர்த்திருக்கேன்."

சன்னல் கதவு முழுசாகத் திறந்தது.

"மகனைக்கூட நீ இவ்வளவு நல்லா வளர்க்கல" என்றாள் சோலுவான். அப்புறம் குரல் தணிந்து, "எழுந்திரு. ஈர மண்ணுல உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும். நீயும் விழுந்துட்டா என்னை யாரு பாக்கறது?"

அடுத்த நாள் ஏழு பெண்களும் வந்தார்கள். அவர்கள் வேலை செய்ததைப் பான்லாய் அப்புறம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருத்திக்கு எழுபது வயது, மண்வெட்டியை அவள் பிடித்த பிடியில் பாசி தோசையைப் போலப் பெயர்ந்து வந்தது. இரண்டு பேர் பாக்கு மரத்தின் அடியையும் சுவரின் அடியையும் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவினார்கள். லிச்சி மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விட்டார்கள். பெயர்த்த இடமெல்லாம் எண்ணெய்த் தேயிலை விதையின் புண்ணாக்குப் பொடியைத் தூவினார்கள். வயலில் நத்தையைக் கொல்லப் போடுவார்களே, அதேதான். எல்லாரும் வாய் ஓயாமல் பேசினார்கள், பேச்சில் பாதி பான்லாயைப் பற்றியது. அவர் பச்சைப்பயறுக் கஞ்சியைக் கிண்ணம் கிண்ணமாக நிரப்பிக் கொடுத்துக்கொண்டு, எல்லாக் கிண்டலையும் வாங்கிக்கொண்டார்.

"இனிமே குழாயைத் தொடக் கூடாது" என்றாள் அக்கியோ. "அப்புறம் புல்லு வைக்கணும்."

"வைக்கணுமா? அதுவா முளைக்கட்டுமே."

"அதுவா முளைக்கறதுக்கு நாள் இல்ல, அண்ணே. உங்க மண்ணுல ஒரு விதைகூட மிச்சம் இல்ல. பிடுங்கின பிடுங்கல் அப்படி. என் வீட்டுலேருந்துதான் எடுத்து நடணும்."

முப்பத்தொரு வருடம் புல் பிடுங்கியவர், எதிரி வீட்டுப் புல்லைத் தட்டுத் தட்டாகப் பெயர்த்துத் தூக்கிவந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சாண் இடைவெளியில் நட்டார். மஞ்சள் பூப் பூக்கும் கடலைக்கொடி கொஞ்சம், பெயர் தெரியாத களை நிறைய. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். "எடு, எடு" என்றார் பான்லாய். "ரயில்வேக்கு அனுப்பிடு, ஓய்வூதியத்தை நிறுத்தட்டும்." அவர் கை பழக்கதோஷத்தில் நட்ட புல்லையே இரண்டு தடவை பிடுங்கிவிட்டது. இரண்டு தடவையும் சன்னலிலிருந்து வசவு வந்தது.

ஜூன் மழை புல்லுக்குத் தோதாகப் பெய்தது. ஜூலை பிறந்தபோது மண் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சோலுவான் வெளியே வரவில்லை. குறைந்துவிட்டான் என்று கணவன் சொன்னால் போதாது, எண்ணிக் காட்டினால்தான் நம்புவேன் என்றாள். பழுத்த கொப்புளம் ஆறியும் தழும்பு இருந்தது. அவளுக்குப் பயம் என்று பான்லாய்க்குத் தெரியும். வெளியே போய், திரும்பவும் நடக்க முடியாமல் வந்தால் என்ன செய்வது என்கிற பயம் அது. அவருக்கும் அதே பயம்தான். மாதம் முடிய இன்னும் எவ்வளவு நாள் என்று அவர் காலண்டரைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

ஏழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு அக்கியோ முக்காலியோடு வந்தாள். ஆனால் முகம் வாடியிருந்தது.

"இன்னைக்கு முடியாது போலிருக்கு, அண்ணி. வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல ஒரே ஆள் உக்காரக் கூடாதுன்னு விதி. நான் திங்களும் செவ்வாயும் உக்காந்துட்டேன். மத்தவங்க யாராவது வருவாங்கன்னு பார்த்தேன், எல்லாரும் மேலூர்ப் பக்கம் போயிட்டாங்க."

"நான் உக்காரறேன்" என்றார் பான்லாய், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டே.

"நீயா? நீ இருபது நிமிஷம் அசையாம இருந்து நான் பார்த்ததில்ல, தூக்கத்துலகூட" என்றாள் சோலுவான். பிறகு கதவோரம் பார்த்தாள். "அந்தக் கோலை எடு."

"சோலுவான்..."

"எடுன்னா எடு. அசையாத கால்தானே வேணும்? இந்த ஊர்லயே என்கிட்டதான் இருக்கு. ஆறு மாசமா வேற என்ன பண்ணிட்டிருக்கு அது?"

கதவிலிருந்து முக்காலிவரை பதினான்கு அடி. பான்லாய் இரண்டடி பின்னால், தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவள் வெறுங்காலை வைக்கும்போதெல்லாம் கடலைக்கொடி அமுங்கி நிமிர்ந்தது. எட்டாவது அடியில் தடுமாறினாள், கோலை ஊன்றி நின்றாள், மூச்சு வாங்கினாள், திரும்பிப் பார்க்காமல் "கையை மடக்கு, கோழி பிடிக்கப் போறவன் மாதிரி வராதே" என்றாள். பதினான்காவது அடியில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அக்கியோ குனிந்து அவளுடைய கால்சட்டையின் இடது பக்கத்தைச் சுருட்டிவிட்டு, கடிகாரத்தைத் திருகினாள்.

ஐந்து நிமிடம் எதுவும் வரவில்லை. ஒன்பதாவது நிமிடம் ஒன்று வந்து முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்தது. அக்கியோ உறிஞ்சிவிட்டு "ஒண்ணு" என்றாள். சோலுவான் குனிந்து பார்த்து, "நல்லாப் பார்த்தியா? ஒண்ணுதானா?" என்றாள். அப்புறம் பேச்சு மூங்கில் குருத்துக்குப் போனது. பொதுச் சமையற்கூடத்தில் குருத்தை அக்கியோ ஒரு கொதி குறைவாக வேக வைக்கிறாள் என்பது சோலுவானின் நெடுநாள் புகார். பாக்கு மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு, வலது கையை ஆட்டி ஆட்டி அதை விளக்கினாள்.

"முதல் தண்ணியக் கொட்டணும். அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தணும். ஊத்திட்டு, ஒரு மிளகாயப் போட்டு... ஏய், கீழ, கீழ. கணுக்காலுக்குப் பின்னாடி."

அக்கியோ குழாயோடு கீழே குனிந்தாள். கணுக்காலுக்குப் பின்னால், குதிகாலுக்குச் சற்று மேலே, உட்கார்ந்திருப்பவள் கண்ணுக்குத் தெரியவே முடியாத இடத்தில், அது இருந்தது. வயிறு சிவக்க ஆரம்பித்திருந்தது. அக்கியோ குழாயை வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பான்லாய்.

"என்ன எப்படித் தெரியும்? சுருக்குனு கடிச்சுது, தெரியாதா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மெல்லத் தலையைத் தாழ்த்தித் தன் இடது காலைப் பார்த்தாள். அது யாருடைய கால் என்று தெரியாதவளைப் போல வெகுநேரம் பார்த்தாள்.

பான்லாய் புல்லின் மேல் மண்டியிட்டுவிட்டார். "கடிச்சுதா? நெசமா கடிச்சுதா, சோலுவான்? வலிச்சுதா?"

"பொண்டாட்டியப் பூச்சி கடிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆம்பளைய நான் பார்த்ததில்ல" என்றாள் அவள். சொல்லும்போதே கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இப்ப அரிக்குது. பாழாப்போனது, நல்லா அரிக்குது."

கறுப்பன் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் பறந்து போனான். அக்கியோ பென்சிலை எடுத்து, "ரெண்டு" என்று எழுதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, தன் குழுக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"மணி அடிக்க இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. அழறதுன்னா அசையாம அழுங்க, அண்ணே."